பறக்கும் தட்டுகளைச் சலித்தவர்

திருத்தங்கல்ல ராத்திரி வானத்துல கலர் வெளிச்சம் தெரிஞ்சா நாம நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். ஃபேன்ஸி வெடின்னு தெரியும். அதையே வெளியூர்க்காரர் மங்கலா வீடியோ எடுத்தா பறக்கும் தட்டு! இப்படிப்பட்ட சாட்சியங்களைச் சலிச்சுப் பார்த்தே வாழ்ந்தவர் ஜே. ஆலன் ஹைனெக்.

1910-ல் சிகாகோவில் பிறந்த வானியலாளர். 1948-ல் பறக்கும் தட்டு புகார்களை ஆராய அமெரிக்க விமானப்படை அவரைக் கூப்பிட்டது. ஆரம்பத்துல எல்லாமே கட்டுக்கதைன்னுதான் நினைச்சார். நடுவுல, செயற்கைக்கோள்களைப் படம்பிடிக்கும் 12 கேமரா நிலையங்களோட வேலையையும் பார்த்தார். அதில் ஒன்று நம்ம நைனிடால்ல இருந்தது.

1966, மிச்சிகன். பரபரப்பான ஒரு போட்டோ, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சு எடுத்த பிறை நிலாவும் வெள்ளியும்தான்னு விளக்கினார். ஆனா சில வெளிச்சங்கள் சதுப்பு நில வாயுவா இருக்கலாம்னு சொன்னதும் நாடே கேலி பண்ணுச்சு. மக்கள் பார்த்ததை அவசரப்பட்டு ஒதுக்கிடக் கூடாதுன்னு அவரும் மாறினார்.

1969-ல் ஆய்வை மூடினப்போ 12,618 புகார்கள்ல 701-க்கு விடை இல்லை. அதுக்காக வேற்றுகிரகவாசின்னு அவர் தீர்ப்பு எழுதலை. தொடர்ந்து ஆராய 1973-ல் தனி மையமே ஆரம்பிச்சார். 1986-ல் காலமானார்.

அடுத்த வீடியோ ஃபார்வர்டா வந்தா, ஒரிஜினல் ஃபைல் எங்கே, எந்தத் திசை, எத்தனை மணி, வேற யார் பார்த்தாங்கன்னு முதல்ல கேளுங்க. விடை கிடைக்கலைன்னா, தெரியலைன்னே சொல்லுங்க.