நம் பக்கத்து விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்

எண்ணெய் தேய்க்காத தலையைச் சீவிவிட்டுச் சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்கு அருகே கொண்டுபோனால், அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்து பார்க்காத மாணவி இருக்க மாட்டாள். இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை செய்யும் பெற்றோரைக் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். காற்று வறண்டிருந்தால் பஞ்சு இழைகள் உராய்வினால் மின்னூட்டம் பெற்று உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். அதனால் ஆலைக்குள் நீரைப் பனிபோலத் தூவிக் காற்றை ஈரமாக வைப்பார்கள். ஈரம் இருந்தால் மின்னூட்டம் ஓரிடத்தில் தங்காமல் கசிந்துவிடும்.

சீப்பு மின்னூட்டம் பெற்றது சரி. காகிதத்தை யாரும் தேய்க்கவில்லையே, அது ஏன் இழுபட வேண்டும்? காகிதத்துக்குள் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சம அளவில் இருக்கின்றன. சீப்பு நெருங்கியதும் அவை சற்றே இடம் பெயர்கின்றன. சீப்புக்கு மாறான மின்னூட்டம் அதன் பக்கமாகவும், ஒத்த மின்னூட்டம் அப்பாலும் நகர்கின்றன. அருகில் உள்ளதன் கவர்ச்சியே அதிகம் என்பதால் காகிதம் பாய்ந்து வருகிறது. ஆனால், ஒரு மூலக்கூறுக்குள் இந்த இடப்பெயர்ச்சி எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக நடக்குமா? இத்தகைய கேள்விகளோடு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் நம் பக்கத்திலேயே பிறந்தார்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்றார். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். படிப்பு முடிந்ததும் சென்னையில் அவருக்குக் கிடைத்தது வேதியியல் செய்முறை கற்பிக்கும் சிறிய வேலைதான். அங்கே மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பௌதிகத்தில் யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் விளக்குவார். மற்றக் கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்கள். சம்பளத்துக்குச் செய்த வேலையை விட, சோற்று நேரத்தில் செய்த இந்த வேலையே அவர் யார் என்பதைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றும்.

1920இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் சர் சி.வி. இராமனிடம் ஆராய்ச்சி. ஒளி என்பதே விரைந்து மாறிக்கொண்டிருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த அலை. சீப்பு காகிதத்துக்குச் செய்வதை, ஒளியானது மூலக்கூறுக்குக் கணந்தோறும் மாற்றி மாற்றிச் செய்கிறது. உள்ளே ஆடும் மின்னூட்டம் மீண்டும் ஒளியைச் சிதறடிக்கிறது. மூலக்கூறு ஒரு திசையில் எளிதாகவும் மற்றொரு திசையில் அரிதாகவும் மின்புலத்துக்கு இணங்குகிறது என்பதைக் கொண்டு, வலுவான மின்புலத்தில் சில திரவங்கள் ஒளியை இரண்டு விதமாகக் கடத்துவது ஏன் என்று இருவரும் 1927இல் விளக்கினார்கள்.

இப்படிக் கணக்கிலேயே சில ஆண்டுகள் மூழ்கியிருந்த கிருஷ்ணனை 1928 பிப்ரவரியில் இராமன் மறுபடி சோதனை மேசைக்கு அனுப்பினார். சூரிய ஒளியை ஒரு வண்ணக் கண்ணாடி வழியாகத் தூய திரவத்துக்குள் செலுத்திச் சிதறும் ஒளியைப் பார்த்தார்கள். அதில் உள்ளே அனுப்பாத நிறமும் மிக மங்கலாகத் தெரிந்தது. அந்த நாட்களில் நடந்ததைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரை இருவர் பெயராலும் வந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. வழி காட்டியவரும் விடாமல் தேடியவரும் இராமன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இராமன் விளைவைப் படிக்கும் நம் பிள்ளைகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவர் ஒருவர் அந்த மேசையருகே இருந்தார் என்பதை அறியாமலே தேர்வு எழுதிவிடுவது எனக்கு வருத்தந்தான்.

பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் டாக்காவில் தம் சொந்த ஆராய்ச்சியில் இருந்தார். கூலும் 1785இல் மெல்லிய இழையில் ஒரு தண்டைத் தொங்கவிட்டு, இழை எவ்வளவு முறுக்கேறுகிறது என்பதைக் கொண்டே மின்விசையை அளந்ததைப் படித்திருக்கிறோம். கிருஷ்ணனின் கருவியும் அந்த இனந்தான். குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப்புலத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார். படிகம் அசையாமல் அடம் பிடிக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தை அளந்தால், படிகம் எந்தத் திசையில் எவ்வளவு காந்தத் தன்மை உடையது என்பது தெரியும். அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்பதையும் கணக்கிட்டார். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனும் அவர் இழையில் தொங்கியது. பின்னாளில் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும். கிராஃபைட்டில் எலெக்ட்ரான்கள் தகடு தகடாக அமைந்த அடுக்குகளின் வழியே எளிதாக ஓடுகின்றன, அடுக்கு விட்டு அடுக்குத் தாவுவது அரிது என்பதற்கு அதன் காந்தத் தன்மையிலேயே அவர் சான்று கண்டார்.

1933இல் கல்கத்தா திரும்பிப் பேராசிரியரானார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், 1942இல் அலகாபாத், 1946இல் சர் பட்டம். 1947இல் டெல்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1954இல் பத்மபூஷண், 1958இல் முதல் பட்நாகர் பரிசு. 1961 ஜூன் மாதம் காலமானார்.

இங்கிலாந்தில் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண்மணி எக்ஸ்ரே கொண்டு பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929இல் நிறுவியிருந்தார். கிருஷ்ணன் காந்தத்தால் தேடியதும், அவர் எக்ஸ்ரேயால் தேடியதும் ஒன்றையொன்று தொட்டன. 1936இல் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1945இல் ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த இருவரில் ஒருவர் லான்ஸ்டேல். கிருஷ்ணன் மறைந்த பிறகு, அந்தச் சங்கத்துக்காக அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஹோமி பாபாவோடு சேர்ந்து எழுதித் தந்தவரும் இந்தப் பெண்மணியே.