இருட்டில் பேசிய மத்தாப்பு

அரக்கோணத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். சென்னையிலிருந்து திருத்தணி முருகனைப் பார்க்க ரயிலில் போகிறவர்கள் இந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் போவார்கள். வழியில் அலையும் கிடையாது, மணலும் கிடையாது. ஆனால் நம் கடற்படையின் பெரிய விமான தளங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ல் தொடங்கப்பட்டது. இங்கிருந்து கிளம்பும் விமானத்துக்கு வங்கக் கடல் சில நிமிட தூரம்தான். 2017-ல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் காணாமல் போனபோது, தேடப் போன விமானங்களில் அரக்கோணத்து பி-8ஐ விமானங்களும் இருந்தன.

வானத்திலிருந்து பார்த்தால், படகு என்பது கடலில் விழுந்த ஒரு கடுகு. அதில் இருப்பவர்கள் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. துண்டை வீசினாலும் தெரியாது. அப்போது கைகொடுப்பதுதான் ‘பிளேர்’. பார்க்கத் தடித்த மெழுகுவத்தி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றிக் கயிற்றை இழுத்தால் செக்கச்செவேல் என்று எரியும். நம் தீபாவளி மத்தாப்புக்குப் பெரியண்ணன்!

இந்தப் பெரியண்ணனைக் கப்பல்களுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா குழந்தைகளே? மார்த்தா காஸ்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி.

மார்த்தா 1826-ல் பால்டிமோர் நகரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெஞ்சமின் பிராங்க்ளின் காஸ்டன் என்ற இளைஞரைச் சந்தித்தார். (பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தாரே, அந்தப் பிராங்க்ளின் வேறு!) இவரும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான். பதினாறு வயதுகூட நிரம்பாத மார்த்தா, வீட்டுக்குச் சொல்லாமலே அவரை மணந்துகொண்டார். அந்தக் காலம் அப்படி!

காஸ்டன் வாஷிங்டனில் கடற்படையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அப்போது வயர்லெஸ் கிடையாது. ஒரு கப்பல் இன்னொரு கப்பலிடம் பேசவேண்டும் என்றால் பகலில் வண்ணக் கொடிகளை ஏற்றுவார்கள். இரவில்? லாந்தர் விளக்குகள்தான். அவை கொஞ்ச தூரம் போனாலே கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் எரிந்து சேதி சொல்லும் வண்ணத் தீயைச் செய்ய முடியுமா என்று காஸ்டன் ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு சம்பளத் தகராறில் கடற்படை வேலையை விட்டு, பாஸ்டன் நகரில் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்குப் போனார். ஆனால் ஆய்வகத்தில் சுவாசித்த ரசாயனப் புகை அவர் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று சொல்வார்கள். 1848-ல் இறந்துபோனார்.

மார்த்தாவுக்கு அப்போது வயது 21. நான்கு குழந்தைகள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் இரண்டு குழந்தைகளும் தாயாரும் அடுத்தடுத்து இறந்தார்கள். கையில் இருந்த பணமும் கரைந்தது.

அப்படியொரு நாளில் கணவரின் பழைய காகிதங்களைக் குடைந்துகொண்டிருந்தார். இரவுச் சமிக்ஞைகள் பற்றிய குறிப்புகள் கிடைத்தன. பிள்ளைகளைக் காப்பாற்ற இது உதவும் என்று நம்பினார். ஆனால் அதில் யோசனைதான் இருந்தது. எந்த மருந்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்ற சரியான கணக்கு இல்லை. செய்து பார்த்த மாதிரிகள் ஒழுங்காக எரியவும் இல்லை. சமையல் குறிப்பில் உப்பு, புளி அளவு இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான். இங்கே அளவு தப்பினால் குழம்பு கெடாது, கை போய்விடும்!

ரசாயனம் படிக்காதவர் மார்த்தா. வேதியியல் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்து, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். இப்படியே கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் ஓடின. நல்ல வெள்ளை கிடைத்தது, நல்ல சிவப்பும் கிடைத்தது. மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும். அமெரிக்கக் கொடியில் உள்ளதுபோல நீலமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

அங்கேதான் சிக்கல். தீயின் நிறம் அதில் கலக்கும் உலோக உப்பைப் பொறுத்தது. ஸ்ட்ரான்சியம் சிவப்பு தரும், பேரியம் பச்சை தரும், செம்பு நீலம் தரும். ஆனால் நீலம் தரும் செம்புச் சேர்மம் அதிகச் சூட்டில் சிதைந்துவிடும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். பட்டாசுத் தொழிலில் இன்றைக்கும் கஷ்டமான நிறம் நீலம்தான். அடுத்த தீபாவளிக்கு வாணவேடிக்கையைக் கவனித்துப் பாருங்கள்.

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டு முடித்ததை நியூயார்க் நகரமே வாணவேடிக்கையோடு கொண்டாடியது. அதைப் பார்த்த மார்த்தாவுக்குச் சட்டென்று யோசனை பிறந்தது. இவ்வளவு பிரகாசமான வண்ணங்களைச் செய்யும் வாணக்காரர்களையே கேட்டால் என்ன? உடனே கடிதம் எழுதினார். பெண் எழுதினால் மதிப்பார்களோ மாட்டார்களோ என்று, ஓர் ஆணின் பெயரில் எழுதினார்! நீலம் கிடைக்கவில்லை, அருமையான பச்சை கிடைத்தது. அதுவே போதும் என்று முடிவு செய்தார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். நீலத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் பத்து ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை.

சிவப்பு, வெள்ளை, பச்சை என்ற மூன்று நிறங்களைத் தனித்தனியாகவும் அடுத்தடுத்தும் எரியவிட்டு, 0 முதல் 9 வரையான எண்களையும் இரண்டு எழுத்துகளையும் காட்டலாம். எந்த எண்ணுக்கு என்ன சேதி என்பது கப்பலில் உள்ள குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். இருட்டில் இரண்டு கப்பல்கள் பேசிக்கொள்ள வழி பிறந்துவிட்டது.

1859 ஏப்ரல் 5 அன்று காப்புரிமை கிடைத்தது. அதில் கண்டுபிடித்தவர் என்று கணவரின் பெயர்தான் இருந்தது. மார்த்தா அவர் சொத்தைப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவே! 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. காப்புரிமைக்கு மார்த்தா 40,000 டாலர் கேட்டார். அரசு 20,000 டாலர் கொடுத்து வாங்கியது. போர்க்காலத்தில் அவர் நிறுவனம் லட்சக்கணக்கான பிளேர்களை அடக்க விலைக்கே கடற்படைக்குச் செய்து கொடுத்தது. போருக்குப் பிறகு பாக்கிக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார். கேட்டதில் சிறு பகுதிதான் வந்தது.

1871-ல் முறுக்கினால் தானே பற்றிக்கொள்ளும் பிளேருக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த முறை சொந்தப் பெயரில்! அமெரிக்கக் கடற்கரைகளில் இரவு ரோந்து போன உயிர்காப்பு வீரர்கள் கையில் காஸ்டன் பிளேர் இருக்கும். கப்பல் கரையை நெருங்கி வந்தால் கொளுத்தி எச்சரிப்பார்கள். தரைதட்டிய கப்பலுக்கு, பார்த்துவிட்டோம், வருகிறோம் என்று தெரிவிப்பதும் அதே வெளிச்சம்தான். 1886-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிய மார்த்தா, 1904-ல் வாஷிங்டனில் காலமானார்.

சரி, இன்றைய பிளேர்களுக்கு வருவோம். இன்று கடலில் சிவப்பு ஒளி என்றால் ஆபத்து என்று உலகம் முழுவதும் ஒரே பொருள். பாராசூட் பிளேர் குறைந்தது 300 மீட்டர் உயரம் போய், 40 விநாடி எரிந்தபடியே மெதுவாக இறங்கும். கையில் பிடிக்கும் பிளேர் ஒரு நிமிடம் எரியும். பகலுக்கு ஆரஞ்சுப் புகை.

பிளேருக்கும் மருந்து மாத்திரை மாதிரி காலாவதித் தேதி உண்டு. பொதுவாக மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகு உள்ளே ஈரம் ஏறி, பற்றாமல் போகலாம், தாமதமாகப் பற்றலாம், கையிலேயே வெடிக்கவும் செய்யலாம். பெரிய கப்பல் ஒன்றில், கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில் மட்டும் 12 பாராசூட் பிளேர்கள் இருக்க வேண்டும். உயிர்காப்புப் படகுகளில் தனியாக வேறு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இவ்வளவையும் மாற்றினால், பழையதை என்ன செய்வது?

கடலில் எறியக்கூடாது. தண்ணீர் புகாதபடி செய்த பொருள் அது. மிதந்து எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கும். உடைந்தால் ரசாயனம் கடலில் கலக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பதும் தவறு. குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் தீப்பிடிக்கும். சும்மா இருக்கிறதே என்று தீபாவளிக்குக் கொளுத்தினால் இரண்டு ஆபத்து: ஒன்று, ஆயிரம் டிகிரிக்கு மேலான சூடு. இன்னொன்று, எங்கோ யாரோ தத்தளிப்பதாக நினைத்து மீட்புப் படை கிளம்பிவிடும். அதே நேரத்தில் நிஜமாகவே ஒரு படகு ஆபத்தில் இருந்தால்?

அதனால் பழைய பிளேர்களைக் காய்ந்த இடத்தில் தனியாக வைத்து, விற்றவரிடமோ, வெடிபொருள் உரிமம் உள்ளவரிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதற்கென்றே செய்த உலையில் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பார்கள். ரயிலில் கார்டு கையிலும் இதேபோல் சிவப்பாக எரியும் ‘பியூசி’ என்ற பிளேர் உண்டு. அதற்கும் காலாவதி உண்டு. அரக்கோணத்தில் ரயில்வே பிள்ளைகள் நிறைய. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கடற்கரையில் விளையாடும்போது, சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் குழாய் ஒன்று ஒதுங்கிக் கிடந்தால் தொடாதீர்கள். துருப்பிடித்துப் பழசாகத் தெரிந்தாலும் மூடியைத் திருகாதீர்கள், கயிற்றை இழுக்காதீர்கள். தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிட்டு, 112-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கடலோரக் காவல் படையின் எண் 1554.