யாக்கோவ் செல்டோவிச்சும் விறைப்பான பாயியும்

மாணவர்களே, அமுக்கத்தின் அலகு பஸ்கால். ஒரு கன மீற்றரில் அடங்கும் சக்தியின் அலகு யூல்/மீற்றர்³. இரண்டினதும் பரிமாணங்களை எழுதிப் பாருங்கள், ஒன்றாகவே வரும். ஆகவே ஒரு பாயியின் அமுக்கத்தை அதன் சக்தி அடர்த்தியுடன் நேரடியாக ஒப்பிடலாம். இவ்விரண்டும் சமமாயின் அது விறைப்பான பாயி எனப்படும். இக்கருத்தை அண்டவியலுக்குள் கொண்டுவந்தவர் யாக்கோவ் போரிசோவிச் செல்டோவிச் ஆவார்.

இவர் 1914 மார்ச் 8 ஆந் திகதி மின்ஸ்க் நகரிற் பிறந்தார். 17 ஆவது வயதில் லெனின்கிராட்டிலிருந்த இரசாயனப் பௌதிக நிறுவகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இவரிடம் இருக்கவில்லை. எனினும் 1939 இல் கலாநிதியானார். தகனம், வெடிப்பு என்பன இவரது முதல் ஆய்வுத் துறைகள். சோவியத் ஒன்றியம் 1949 இல் வெடிக்கச் செய்த முதலாவது அணுகுண்டின் ஆக்கத்திலும் முக்கிய பங்காற்றினார். கடும் அமுக்கத்தில் சடப்பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்னும் வினா இவரை விட்டு நீங்காததற்கு இப்பணியும் ஒரு காரணமாகலாம்.

அமுக்கம் சக்தி அடர்த்தியின் மூன்றிலொரு பங்கை மீறாது என்றே அக்காலத்திற் பலரும் கருதினர். துணிக்கைகள் ஒன்றையொன்று வன்மையாகத் தள்ளுமாயின் அவ்வெல்லையைத் தாண்டலாம் என 1961 இல் செல்டோவிச் காட்டினார். விறைப்பான பாயியில் ஒலியின் வேகம் ஒளியின் வேகத்துக்குச் சமம். அதனிலும் விறைப்பான பாயி இருப்பின் அதில் ஒலி ஒளியை முந்திவிடும். எனவே இதுவே இறுதி எல்லை.

இப்போது அண்டத்துக்கு வருவோம். நீளங்கள் இருமடங்காகும்போது சாதாரண சடப்பொருளின் சக்தி அடர்த்தி 1/8 ஆகவும் கதிர்ப்பினது 1/16 ஆகவும் விறைப்பான பாயியினது 1/64 ஆகவும் குறையும். (இம்மூன்று பின்னங்களையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.) காலத்திற் பின்னோக்கிச் சென்றால், சிறிதளவேனும் விறைப்பான பாயி இருந்திருப்பின் ஆதியில் அதுவே மேலோங்கியிருக்கும் என்பது இதிலிருந்து புலப்படும்.

1962 இல் இவர் அண்டம் குளிராகவே தொடங்கியது என்னும் கருதுகோளை முன்வைத்தார். சூடான தொடக்கமாயின் மிச்சக் கதிர்ப்பு எஞ்சியிருக்க வேண்டும். அமெரிக்க அன்ரனா ஒன்றினால் அதனைச் சோதிக்கலாம் என இவரது குழுவைச் சேர்ந்த தொரோஷ்கேவிச், நொவிக்கொவ் ஆகிய இருவர் 1964 இல் சுட்டிக்காட்டினர். ஆனால் அந்த அன்ரனாவின் அளவீட்டு அறிக்கை தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அத்தகைய கதிர்ப்பு இல்லை என முடிவுகட்டினர். மறு ஆண்டிலேயே பென்சியாசும் வில்சனும் அதே அன்ரனாவைக் கொண்டு கதிர்ப்பைக் கண்டுபிடித்தமை அறிவிக்கப்பட்டது. செல்டோவிச் தமது கருதுகோளைக் கைவிட்டுச் சூடான அண்டத்தை ஏற்றுக்கொண்டார். பெயர்பெற்ற ஓர் அறிஞருக்கு இது இலகுவான செயலன்று.

ஆனாலும் அவர் விறைப்பான பாயியை மறக்கவில்லை. அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது என வினவினார். குளிர்ந்த விறைப்பான பாயியிலிருந்த சிற்றலைகள் தேய்ந்து வெப்பமாக மாறியிருக்கலாம் என 1972 இல் எழுதினார். அத்தகைய கட்டம் இருந்ததென இன்றுவரை நிறுவப்படவில்லை. இருந்திருப்பின், ஈலியம் உருவாகிய முதற் சில நிமிடங்களுக்கு முன்னரே அதன் ஆதிக்கம் முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஈலியத்தின் அளவு இன்று காண்பதிலிருந்து வேறுபட்டிருக்கும்.

செல்டோவிச் 1987 திசம்பர் 2 ஆந் திகதி மொஸ்கோவிற் காலமானார்.