பெர்த்தா பென்ஸ் அம்மையார்

மோட்டார் வண்டியின் மூடியை முதன்முறை திறந்து நோக்குவோர்க்கு, உள்ளே அமைந்த குழாய்களும் கம்பிகளும் இரும்புப் பேழைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பெருங்குழப்பமாகவே தோன்றும். உறுப்புக்களின் பெயரை நெட்டுருச் செய்தலால் அக்குழப்பம் தீராது. ஒவ்வோர் உறுப்பும் யாது தொழில் புரிகின்றது என வினவி அறியின் தீரும். இவ்வுண்மையைத் தம் செயலால் விளக்கினவர், பொறியியற் கல்லூரி எதிலும் பயிலாத ஒரு பெண்மணியார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜெர்மனி தேசத்துப் பாடன் நாட்டில், போர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில், 1849 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் நாள் பெர்த்தா பிறந்தார். தந்தையாராகிய ரிங்கர் கட்டடத் தொழிலால் செல்வம் ஈட்டியவர். பெண் மகவு மீண்டும் பிறந்ததே என்னும் வருத்தம் தோன்றத் தம் பிறப்பு குடும்ப வேதபுத்தகத்தில் குறிக்கப்பட்டிருந்ததைச் சிறுமியாயிருக்கையில் பெர்த்தா கண்டு மனம் நொந்தார் என்பர். மகளிர்க்குப் பல்கலைக்கழக வாயில் அடைபட்டிருந்த காலம் அது.

இரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, தந்தையை இளமையிலேயே இழந்து, கார்ல்ஸ்ரூஹே நகரில் தொழிற்கல்வி பயின்றவர் கார்ல் பென்ஸ். அவர் மான்ஹைம் நகரில் நிறுவிய பட்டறை கடன் சுமையால் தள்ளாடியபோது, பெர்த்தா தம் சீதனப் பொருளைத் திருமணத்திற்கு முன்னரே வாங்கி அவருக்கு அளித்துப் பட்டறையைக் காத்தார். 1872 ஆம் ஆண்டு ஜூலை 20 இல் இருவரும் மணம் புரிந்தனர். வறுமை பல ஆண்டுகள் உடன் வாழ்ந்தது. 1879 ஆம் ஆண்டின் இறுதி இரவில், உணவு முடிந்தபின், ஓட மறுத்த எஞ்சினை மற்றும் ஒருமுறை முயன்று பார்க்குமாறு கணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவர் அம்மையாரே. அவ்விரவில் எஞ்சின் ஓடிற்று.

1886 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆம் நாளைத் தேதியாகக் கொண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்றார். அவ்வெஞ்சினின் அமைப்பு, முதற்கண் கற்போர்க்கு மிக ஏற்றதாகும். சிலிண்டர் ஒன்றே. கார்ப்புரேட்டரில் எரிபொருளின் ஆவி காற்றுடன் கலந்து சிலிண்டருள் புகும். பிஸ்டன் அக்கலவையை நெருக்கும். மின்சாரத் தீப்பொறி அதனைக் கொளுத்தும். வெடித்த விசை பிஸ்டனைத் தள்ள, அதனோடு இணைந்த தண்டு கிராங்கைச் சுழற்றும். எரிந்த புகையைப் பிஸ்டன் வெளியே தள்ளும். இடையில் ஓட்டம் நில்லாதவாறு கனத்த பிளைவீல் காக்கும். சிலிண்டரைச் சூழ்ந்த நீர் வெப்பத்தைத் தணிக்கும். எரிபொருள், நெருப்பு, நீர், விசை ஆகிய நான்கும் செல்லும் வழிகளை அறிந்தவர், உறுப்புக்களின் இடத்தைத் தாமே கண்டுகொள்வர்.

வண்டி பிறந்தும் வாங்குவாரில்லை. 1888 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் வைகறையில், கணவரிடம் சொல்லாமலே, ஆய்கென், ரிச்சர்டு என்னும் மைந்தர் இருவரோடும் அம்மையார் அவ்வண்டியில் ஏறித் தம் தாயகமாகிய போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அத்துணைத் தொலைவு அதற்குமுன் எவரும் மோட்டார் வண்டியிற் சென்றிலர்.

வழியில் நேர்ந்த இடர் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பைச் சுட்டிக் காட்டிற்று. எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தொப்பியிற் செருகிய நீண்ட ஊசியால் அடைப்பைக் களைந்தார். தீப்பொறிக்கு மின்சாரம் செலுத்தும் கம்பி தேய்ந்தது. காலுறை கட்டும் நாடாவால் அதனைச் சுற்றிக் காத்தார். எரிபொருள் குறைந்தது, வீஸ்லோஹ் என்னும் ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கினார். வற்றிய நீரை ஆங்காங்கே நிரப்பினார். தளர்ந்த சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சீராக்கினார். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பதிப்பித்தார். மேடுகளில் வண்டி ஏறமாட்டாதாக, இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மாலையில் ஊர் சேர்ந்து கணவருக்குத் தந்தி விடுத்தார்.

மேடேற மற்றொரு கியர் வேண்டும் என்பதை அப்பயணத்தால் உணர்ந்த கார்ல் பென்ஸ், பின்னர் அதனை அமைத்தார். வண்டியின்மீது மக்களுக்கு நம்பிக்கையும் வளர்ந்தது. 1899 ஆம் ஆண்டில் பென்ஸ் தொழிற்சாலை 572 வண்டிகளைச் செய்தது.

கார்ல் பென்ஸ் 1929 இல் லாடன்பர்க் நகரில் காலமானார். காப்புரிமையில் அவர் பெயர் ஒன்றே நின்றது. சீதனமும் துணிவும் நல்கினவர் பெயர் அதில் இல்லை. கணவர் பயின்ற கார்ல்ஸ்ரூஹே தொழிற்கல்வி நிலையம், 1944 ஆம் ஆண்டு, அம்மையாரின் தொண்ணூற்றைந்தாம் பிறந்த நாளில், அவருக்குச் சிறப்புச் செனட்டர் என்னும் பட்டம் வழங்கிற்று. இரண்டு நாட்கள் கழித்து, மே 5 ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். அப்பெருமை இத்துணைக் காலம் தாழ்த்து வந்ததை எண்ணுங்கால் நம் உள்ளம் நோகின்றது.

இக்காலத்து வண்டிகளில் கார்ப்புரேட்டர் மறைந்து, எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் அதன் தொழிலை ஏற்றுள்ளது. சிலிண்டர்கள் பலவாயின, நீரைக் குளிர்விக்க ரேடியேட்டர் அமைந்தது. எனினும் பெட்ரோல் எஞ்சினில் அந்நான்கு வழிகளும் மாறவில்லை. ஆதலின் கற்கப் புகும் நண்பர்கள், ஓர் உறுப்பைக் கண்டவுடன் அதன் பெயரைக் கேட்குமுன், அது நின்றுபோனால் எது நின்றுபோகும் என்று கேட்பாராக. அவ்வினாவிற்கு விடை தெரிந்திருந்தமையாலன்றோ, ஓர் ஊசியும் ஒரு நாடாவும் பெர்த்தா அம்மையாரின் கையில் தக்க கருவிகளாயின!