கொல்லன் மகன் பாரடேயும் நம் நாட்டு உருக்கும்

மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் என்றாலே எலக்ட்ரிக்கல் நண்பர்கள் மைக்கேல் பாரடேயைத் தங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடுவார்கள். மெக்கானிக்கல்காரர்களான நமக்கும் அவரிடம் பங்கு உண்டு நண்பர்களே! மின்சாரத்தில் பெரிய பெயர் வாங்கும் முன்பே அவர் எஃகில் கைவைத்தார். அதுவும் நம் நாட்டு எஃகில்.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூவிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்பு முடியாமல் போகிறவர். 1801-ல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான். எழுத, படிக்க, கூட்டிக் கழிக்கத் தெரிந்ததும் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்குக் கல்லூரி. 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த நோட்ஸை அழகாக பைண்டு பண்ணி அவருக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. முசரவாக்கத்தில் எங்க வீட்டில் எனக்கு முன்னாடி யாரும் படித்ததில்லை. அதனால் இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படித்தேன்.

தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகை வெள்ளைக்காரர்கள் வூட்ஸ் என்றார்கள். உருக்கு, உக்கு என்ற நம்ம பக்கத்துச் சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அப்படி உருக்கிய இடங்களில் ஒன்று பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவலூர். இந்த எஃகைத் தட்டி, தேய்த்து, அமிலம் பூசினால் தண்ணீர் அலை போல வரிகள் தெரியும். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி வினைஞருடன் சேர்ந்து பாரடே இதன் ரகசியத்தைத் தேடினார். 1819-ல் அலுமினா கலந்திருப்பதுதான் காரணம் என்று எழுதினார். அது தவறு. ஆனால் அந்த வரிகள் படிக அமைப்பால் வருகின்றன என்று 1820-ல் சொன்னார்களே, அது சரியான வழி!

உள்ளே என்னதான் இருக்கிறது? வூட்ஸில் கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம். சம்மட்டி அடியில் சிமென்டைட் துகள்கள் வரிசை கட்டி நிற்கும், அதுதான் கண்ணுக்குத் தெரியும் வரி. சாதா கார்பன் எஃகிலோ மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்: மெத்தென்ற பெரைட் ஒரு அடுக்கு, கெட்டியான சிமென்டைட் ஒரு அடுக்கு, ஹாஸ்டல் பரோட்டா மாதிரி. இதன் பெயர் பியர்லைட். இழுத்தால் பெரைட்தான் முதலில் நழுவும். நழுவல் சிமென்டைட் சுவரில் முட்டி நிற்கும். பின்னால் வருவதும் முட்டி, சிக்கு விழும். மேலும் நகர்த்த அதிக லோடு வேண்டும். யு.டி.எம்.மில் ஈல்டு தாண்டியும் லோடு ஏறுவது இதனால்தான். டையில் கம்பியாக இழுக்கும்போது அடுக்குகள் மெலிந்து நெருங்கும், பலம் இன்னும் கூடும். கிரேன் கயிற்றுக் கம்பி இப்படி வந்ததுதான்.

1823-ல் ஸ்டோடர்ட் இறந்தார். எஃகு வேலையும் நின்றுபோனது. 1831-ல் மின்காந்தத் தூண்டல், பிறகு மின்பகுப்பு விதிகள் என்று பாரடே உலகப்புகழ் பெற்றார். கணக்கு மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை (நமக்குக் கொஞ்சம் ஆறுதல்!). 1863-ல் ஷெபீல்டில் ஹென்றி சார்பி எஃகை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பாரடே உயிரோடுதான் இருந்தார். அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தது 1880-களில். பாரடே 1867 ஆகஸ்ட் 25-ல் போய்விட்டார்.

அவர் செய்த 79 எஃகுத் துண்டுகள் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. அவற்றை ராபர்ட் ஹாட்பீல்ட் சோதித்து 1931-ல் புத்தகமாகவே எழுதினார்.