அருணாசலம் விட்டுச்சென்ற பாடம்

சுதந்திர இலங்கை மூன்று அரசியலமைப்புகளைக் கண்டுவிட்டது. ஆயினும், மக்கள் ஒருவரையொருவர் நம்பாத நாட்டில் எந்த யாப்பும் நல்லாட்சியைத் தந்துவிடாது என்பதை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை. இவ்வுண்மையைத் தமது இறுதிக் காலத்தில் கசப்புடன் கண்டவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம்.

1853இல் கொழும்பில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்ற அவர், 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையராவார். பதிவாளர் நாயகமாகவும் விளங்கி, 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைத் திறம்பட நடத்தினார். 1913இல் ஓய்வுபெற்ற பின்னரே முழுமையாகப் பொதுவாழ்வில் இறங்கினார்.

அங்கு அவர் முதலில் நாடியது பதவியை அன்று. வறிய மக்களின் கல்விக்கும் மருத்துவ உதவிக்குமென 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஒப்பந்தத்தை மீறும் தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிட்ட சட்டத்தை எதிர்த்துப் போராடினார்.

1919 டிசெம்பரில் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் அவரே. பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்தில் தமிழர் குரல் அமிழ்ந்துவிடுமென யாழ்ப்பாணச் சங்கத்தினர் முன்னரே தயங்கியிருந்தனர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் வழங்க ஆதரவளிப்பதாக ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918இல் எழுத்தில் வாக்குறுதி அளித்தனர். அதனையே பிணையாகக் காட்டி அருணாசலம் அவர்களை இணங்கச் செய்தார். 1921இல் அவ்வாக்குறுதி கைவிடப்பட்டது. அவர் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். ஈராண்டு கழித்துத் தமிழருக்கெனத் தனிச் சங்கமொன்றை அமைத்தார். 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார்.

வாக்குறுதியை மீறியோரின் தவறு வெளிப்படை. ஆனால் நாம் சிந்திக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. அந்த உடன்பாடு, ஆங்கிலம் கற்ற சில கனவான்களிடையே எழுதப்பட்ட கடிதமாகவே இருந்தது. சாதாரண சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்களுக்கு அதில் பங்கிருக்கவில்லை. எனவே அது மீறப்பட்டபோது கேள்வி கேட்கவும் எவருமிருக்கவில்லை. 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது, நம்பிக்கை கிடைக்கவில்லை.

அருணாசலத்தின் சமூக சேவைக் கழகம் காட்டிய வழி வேறு. மக்கள் ஒன்றுகூடிப் பொதுக்காரியம் செய்யுமிடத்திலேயே நம்பிக்கை வேர்கொள்கிறது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும், கோவில், பள்ளிவாசல் நிருவாகங்களிலும் கணக்குக் கேட்கப் பழகிய மக்களே ஆட்சியாளரிடமும் கணக்குக் கேட்பர். தலைவர்கள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைகளைக் காக்கக்கூடியவர்களும் அத்தகைய மக்களே. அவர்களை உருவாக்கும் பொறுப்பு இன்று நம் எல்லோருக்கும் உரியது.