கடலின் தாய்

மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார் செயலாளர். மெக்கானிக்கல் படித்த எனக்கு ஏனோ ஒரு பாசி ஆராய்ச்சியாளர்தான் ஞாபகம் வந்தார்.

காத்லீன் ட்ரூ-பேக்கர் 1901ல் இங்கிலாந்தின் லீ என்ற ஊரில் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, அங்கேயே விரிவுரையாளரானார். 1928ல் ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். கல்யாணமான பெண்களுக்கு அங்கே வேலை கிடையாது. சம்பளம் போயிற்று, அம்மையார் ஆராய்ச்சியை விடவில்லை. (கணவர் நம்ம ஆள்தான். சாக்கடல் செம்புச் சுருளை 1955-56ல் அறுத்துத் திறந்த பொறியியல் பேராசிரியர்!)

ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி, குளிர்காலத்தில் விரியும் கடற்பாசி. கோடையில் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. மூங்கில் நட்டு வைப்பார்கள். வித்து தானாக வந்து ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினிதான். உலகப் போருக்குப் பின் விளைச்சல் படுத்தேவிட்டது.

அம்மையார் நோரிக்கு உறவான பிரிட்டிஷ் பாசியின் வித்துக்களைச் சிப்பி ஓட்டில் வளர்த்தார். ஓட்டைத் துளைத்து இளஞ்சிவப்பு இழைகள் பரவின. கான்கோசெலிஸ் என்று தனி இனமாக எழுதி வைத்திருந்தார்களே, அதேதான்! 1949ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். இன்று வக்காமே என்ற பழுப்புப் பாசி எந்தக் கடலிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததென்று டி.என்.ஏ. அடையாளங்களை வைத்துத் தேடுகிறார்கள். அவருக்கு இருந்தது சிப்பியும் பொறுமையும்.

செகாவா என்ற ஜப்பானிய அறிஞருக்கு இது எட்டியது. சில ஆண்டுகளில் சிப்பியிலேயே நாற்று வளர்த்து வலையில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மையார் 1957ல் காலமானார். ஜப்பானுக்குப் போனதே இல்லை. 1963ல் அங்கே உட்டோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. விழா நாள் ஏப்ரல் 14. நம் வீட்டில் மாங்காய்ப் பச்சடி வைக்கும் நாள்.